ஏழாம் பக்கம்

கீழே விளக்குக் கடை.
மேலே, இரண்டாம் மாடியில், ‘உப்பு’.
பாலஸ்டியர் சாலையில் நின்று
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அச்சகத்து மிஸ்டர் கோ.
ஞாயிறு பள்ளிக்கு அவரும் போனவர்தான்.
ஆசிரியர் அருமைநாயகம் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாரம் ஒன்று, பக்கம் எட்டு, விலை ஒரு வெள்ளி.
சினிமா கிடையாது, நகைக்கடை கிடையாது.
முழுப் பக்கத்துக்குப் பணம் நீட்டிய ஜோதிடரைப்
படிக்கட்டு விளக்கை அணைக்காமல் அனுப்பியதே
பெரிய தயவு.
ஃபோர்-டி சீட்டுக்கு எதிராக ஆண்டுக்கு இரண்டு தலையங்கம்.
இதழ் எண் நான்கு இலக்கமானதும்
சிலர் அதையே வாங்குவதாகக் கேள்வி.

பகலில் தோ பாயோ பல் மருத்துவமனையில் வரவேற்பு.
புதன் இரவுகளில் நான் இங்கே பக்கம் கட்டுபவள்,
பத்தொன்பது வருடமாக.
‘ரட்சிப்பு’க்கு முன்னால் ‘இ’ போடு என்பார்,
போடாவிட்டால் ரட்சிப்பே வராது என்பதுபோல்.
அவரிடம் ஒரு சிவப்புப் பேனா.
அச்சுக்குப் போகாத எதிலும் அது பட்டதில்லை.

ஏழாம் பக்கம் மணவிழா.
மணமகள், மணமகன், சபை, போதகர்.
நான்கும் இருந்தால்தான் இடம்.
மூன்று மட்டும் உள்ளவர்கள் போனில் அழுதிருக்கிறார்கள்.
எடுப்பது நான்.
‘அந்நிய நுகம்’ தொடர் அறுபத்திரண்டு வாரம் ஓடியது.
தட்டச்சு செய்ததும் நான்.
நம்பித்தான் செய்தேன்.

இந்த ஜூலையில் ஒரு புதன், மணி பத்தரை,
சட்டைப்பையிலிருந்து
நாலாய் மடித்த தாளை எடுத்தார். அவர் கையெழுத்து.
மணமகள்: எமீமாள்.
அவருக்கு ஒரே மகள். நான் பார்க்கப் பல் முளைத்தவள்.
மணமகன்: திருமாறன்.
சபை என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருந்தார்.
பிறகு தாள்.

“எவ்வளவு வரும்?”
“ஒரு பத்தி, இரண்டு அங்குலம்.”
“விடு.”

போட்டு விடவா, விட்டு விடவா?
தமிழில் இது ஒரு தொல்லை.
கேட்டேன்.
“இடம் விடு” என்றார்.
மடிந்த தடத்திலேயே தாளை மடித்தார்.
சுற்றிக் கோடு போடவா?
வேண்டாம்.

நள்ளிரவில் மிஸ்டர் கோ கூப்பிட்டார்,
படம் ஏதும் விழுந்துபோச்சா என்று.
என்கிட்ட மெழுகுவத்திப் படம் இருக்கு, சும்மா தர்றேன்,
காலி இடத்துக்கும் அதே காசு லா.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தொலைபேசி.
ஹவ்காங்கில் ஒருவர் இருபது காசு திருப்பிக் கேட்டார்.
யீஷூன் ஜெபக்குழு அதன் மேல் கை வைத்து ஜெபித்ததாம்,
எதற்கென்று தெரியாமலே.
ஜூரோங் போதகர் மட்டும்
“அருமைநாயகம் சுகமா?” என்று கேட்டு
பதிலுக்கு முன் வைத்துவிட்டார்.
அவருக்குத் தெரிந்திருந்தது.
ஞாயிறு மத்தியானத்துக்குள் எல்லாருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஓர் உறை வந்தது.
உள்ளே அந்த இரண்டு அங்குலம், கத்தரித்தது,
நீல மையில் நிரப்பியது:
மணமகள் பவளம் ரூத். மணமகன் சொங் வீ.
நீங்கள் போடாதது, 1996.
மறுநாள் மூன்று. அதற்கடுத்த வாரம் பதினொன்று.
ஒன்றில் தேதி மட்டும்.
ஒன்றில், பெயர்களே இல்லாமல், ‘இருவரும் நலம்.’
ஒன்றில் திட்டு, நாலு வரி, நல்ல தமிழ்.

எதுவும் பேசாமல் இழுப்பறையில் போட்டுவந்தார்.
தலையங்கம் வழக்கம்போல் வந்தது.
அந்த வாரம் சீட்டாட்டம்.

நேற்று புதன்.
இழுப்பறையை அப்படியே கழற்றி என் மேசைமேல் வைத்தார்.
கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.
மேலாக இருந்த துண்டை எடுத்தார்:
‘எமீமாளுக்கு வாழ்த்துக்கள்.’
கீழே பெயரில்லை.

சிவப்புப் பேனாவைத் திறந்து
அந்தக் ‘க்’கை வெட்டினார்.

எவ்வளவு வரும் என்று கேட்கவில்லை.
நான் அளந்துகொண்டிருந்தேன்.